ரத்த ஆல்கஹால் ரிப்போர்ட்: மூடி கலர்ல சிக்கின கேஸ்

குடிச்சிட்டு ஓட்டுனேன்னு என் மேல கேஸ், விபத்துக்கப்புறம் ஆஸ்பத்திரியில எடுத்த ரத்தத்துல 100 மில்லிக்கு 90 மில்லிகிராம்னு ரிப்போர்ட், நான் இருக்குற நாட்டுல சட்ட வரம்பு 80. குடிச்சது உண்மைதான், ஆனா அந்த அளவுக்குன்னு தோணல.

முதல்ல ஊசி போடுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் தடவிருப்பாங்க, அதுதான் காரணம்னு ரெண்டு நாள் அதையே நோண்டுனோம், நர்ஸ் குறிப்புல ஆல்கஹால் கலக்காத அயோடின்னு தெளிவா இருந்துச்சு, முடிஞ்சது. அப்புறம் சாம்பிள் யார் யார் கைக்குப் போச்சுன்னு கையெழுத்தெல்லாம் பாத்தோம், ஒரு ஓட்டை கூட இல்ல.

அப்புறம்தான் வக்கீல் ரிப்போர்ட் மட்டும் போதாது, லேபோட மொத்த ஃபைலும் வேணும்னு மனு போட்டாரு. அதுல டியூப் மூடி மஞ்சள்னு இருந்துச்சு. போலீஸ் கேஸுக்கு வழக்கமா எடுக்குறது சாம்பல் மூடி, உள்ள ரத்தம் கெடாம காக்குற சோடியம் ஃப்ளோரைடு இருக்கும். மஞ்சள்னா சீரம், அதாவது ரத்தம் உறைஞ்சதும் மேல நிக்குற தெளிஞ்ச திரவத்தைப் பிரிக்கிற டியூப், அதாவது அவங்க அளந்தது முழு ரத்தத்தையே இல்ல! சீரத்துல தண்ணி அதிகம், ஆல்கஹாலும் அதுலதான் கூட நிக்கும், சராசரியா முழு ரத்தத்தைவிட சுமார் 1.14 மடங்கு. 90ஐ 1.14ஆல வகுத்தா 79 கூட வரல. சட்டத்துல இருந்தது முழு ரத்தத்துக்கான வரம்பு.

இதை வச்சு லேப் ஆளை குறுக்கு விசாரணை பண்ணப்போ சீரம்தான்னு ஒத்துக்கிட்டாரு, வரம்பு மீறுனது நிரூபணமாகலன்னு அந்தக் குற்றச்சாட்டு தள்ளுபடி. அப்பாடா. வேகமா ஓட்டுனதுக்கான அபராதம் மட்டும் கட்டினேன்.