சன்வே லகூன் போகிறீர்களா? செருப்பைக் கவனியுங்கள்

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1990களின் தொடக்கத்தில் திறந்ததிலிருந்து அங்கே எத்தனையோ விளையாட்டுகள் வந்துவிட்டன. மாறாமல் இருப்பது அந்தப் பள்ளம்தான். பூங்கா இருப்பது பழைய வெள்ளீயச் சுரங்கக் குழிக்குள் அல்லவா! காலையில் இறங்கும்போது சுகமாக இருக்கும். மாலையில் ஈரத்துணி மூட்டையோடு ஏறும்போதுதான் முழங்கால் கெஞ்சும். போன முறை என் மாமியார் பாதி வழியில் உட்கார்ந்தே விட்டார். பின்னால் வார் வைத்த ரப்பர் செருப்பு போடுங்கள்; ஜப்பான் சிலிப்பர் ஈரத்தில் வழுக்கும். அப்புறம், மதியத்துக்கு மேல் இடி மழை வரலாம். தண்ணீர் விளையாட்டுகளைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். காரும் வேண்டாம். கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, செத்தியா ஜெயா நிலையத்தில் தனிப்பாதையில் ஓடும் பிஆர்டி பஸ்ஸுக்கு மாறினால் போதும்.