மின்சைக்கிள் பற்றரியைத் தாமே பழுதுபார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ஜரின் செருகி சரியாகப் பொருந்தவில்லை என்பது போன்ற சிறு சறுக்கல்கள் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நாங்கள் ஒருகாலத்தில் செய்தவற்றையே புதியவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஓடாமல் நிற்கும்போது மட்டும் அளவிடுதல்

36 வோல்ற் பற்றரியில் தொடராக இணைந்த 10 கலத் தொகுதிகள் உள்ளன. முழுதாக மின்னேறினால் 42 வோல்ற் காட்டும். திருகோணமலை உவர்மலை வீட்டில் 40 காட்டிய பற்றரி கோணேசர் கோயில் ஏற்றத்தில் அணைந்துபோனால், மோட்டரைக் கழற்றுமுன் சுமையின்கீழ் அளந்து பாருங்கள். நலிந்த ஒரு தொகுதி சரிந்தாலே முழுப் பற்றரியும் நின்றுவிடும்.

காப்புப் பலகையைத் தாண்டி வயர் இணைத்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பற்றரியின் மின் வெளிவரும் முனைகளில், அதாவது வெளிவாயில், 0 காட்டியதும், ஏதாவதொரு தொகுதி எல்லை மீறினால் மின்னைத் துண்டிக்கும் பீ.எம்.எஸ். என்னும் காப்புப் பலகையே பழுது என்று முடிவுகட்டி, அதைச் சுற்றி ஒரு வயரைப் பற்றாசு பிடித்துவிடுகிறார்கள். மாரி முழுவதும் மூலையில் கிடந்த பற்றரியை அப்படி எழுப்பிய அலஸ்தோட்டத்துத் தம்பி ஒருவர், "அண்ணை, ஓடினது, ஆனா இப்ப பெட்டி சுடுது" என்று கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் ஒரு தொகுதி 1.5 வோல்ற்றில் செத்துக் கிடக்க, மற்ற ஒன்பதும் 4.4 வோல்ற்றைத் தாண்டியிருந்தன.

சார்ஜருக்கு மொத்த அளவு மட்டுமே தெரியும். 42 வோல்ற் நிறையும்வரை அது செலுத்திக்கொண்டே இருக்கும். ஒரு தொகுதி 1.5இல் தங்கிவிட்டால் மிகுதி 40.5 வோல்ற்றை ஒன்பது தொகுதிகள் பகிர வேண்டும்; அதாவது தலைக்கு 4.5. வழமையான லிதியம் அயன் கலத்தின் எல்லையோ 4.2. அதைத் தாண்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. போதாததற்கு, 2 வோல்ற்றுக்குக் கீழ் நெடுநாள் கிடந்த கலத்தில் மறைமுனையின் செப்புத் தகடு கரைந்து, மீண்டும் மின்னேற்றும்போது உள்ளே படிந்து குறுஞ்சுற்றை உண்டாக்கக்கூடும். பலகை தன் கடமையைத்தான் செய்தது, அதற்குத்தான் தண்டனை!

முதலில் பலகைக்குச் செல்லும் மெல்லிய சமநிலை வயர்களில் அடுத்தடுத்த முனைகளுக்கிடையே அளவிடுங்கள். எல்லாத் தொகுதிகளும் ஒரே நல்ல அளவில் இருந்து, வெளிவாயில் மட்டும் 0 என்றால் பலகையையோ அதன் இணைப்புகளையோ சந்தேகிக்கலாம். அப்போதும் பழுதான பலகையை மாற்ற வேண்டுமே தவிர, தாண்டக் கூடாது.

உப்புக்காற்றை மறத்தல்

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஓடும் சைக்கிள்களில் இணைப்பிகள் பச்சை பூத்துச் சூடேறும். சுரண்டாதீர்கள், மாற்றுங்கள்.

பழைய தொகுதியில் புதுக் கலம் சேர்த்தல்

வேண்டாம்.

மோதிரத்துடன் வேலை செய்தல்

கழற்றி வையுங்கள்.

இரவில் சோதனை மின்னேற்றம்

திறந்து மூடிய பற்றரியை விழித்திருக்கும் வேளையில், வீட்டுக்கு வெளியே, மழை படாத சீமெந்துத் தரையில் வைத்தே மின்னேற்றுங்கள்.