கொழும்பில் இருந்துகொண்டு பூட்டியைத் தேடுவது எப்படி

பூட்டனைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மகன்வழிப் பேரப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில்கூட அவர் பெயர் வந்துவிடும். பூட்டியின், அதாவது பாட்டனையோ பாட்டியையோ பெற்ற தாயின், பெயரோ வேறு யாருக்காகவோ எழுதிய கடதாசியில்தான் கிடக்கும். ஆகவே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு கந்தோர் கந்தோராக அலையாமல், அவர் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேருடைய பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களையும் முதலில் சேருங்கள். ஒன்றில் "செல்லம்மா" என்றிருப்பவர் இன்னொன்றில் "செல்லம்மா, கந்தையாவின் மகள்" என்று இருப்பார்.

இறப்பிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் பெயர்கள், அடக்கம் அல்லது தகனம் நடந்த இடம், தகவல் கொடுத்தவர் யார் என்பவை இருக்கும். வயதை மட்டும் நம்ப வேண்டாம். தகவல் கொடுத்தவர் மருமகன் என்றால் 70, 80 என்று குத்துமதிப்பாகத்தான் சொல்லியிருப்பார்.

சான்றிதழ்ப் பிரதி கேட்க வேண்டிய இடம், கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம் என்றால் கொழும்பு பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் திம்பிரிகஸ்யாய. பதிவு இலக்கமும் திகதியும் கையில் இல்லாவிட்டால், தேட வேண்டிய காலத்தை விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். காலம் நீண்டால் கட்டணமும் ஏறும். "பதிவு இல்லை" என்ற பதில் வந்தால் சோர வேண்டாம், காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. நிகழ்வு நடந்த இடத்தில்தான் பதிவார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை டி சொய்சா ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு அந்தப் பிரிவில் இருக்கும். பிந்திப் பதிந்திருந்தால் பிறந்த திகதியும் பதிந்த திகதியும் வெகுதூரம் விலகி நிற்கும். மூன்றாவது ஆங்கில எழுத்து: வள்ளியம்மை 'வி'யிலும் இருப்பார், 'டபிள்யூ'விலும் இருப்பார், தங்கம்மாவின் முதலெழுத்துக்குப் பின் 'எச்' இருக்கும், இல்லாமலும் போகும். எல்லா வடிவத்தையும் எழுதிக்கொண்டு போங்கள், வீட்டுப் பெயரையும் சேர்த்து.

பிறப்பு, இறப்புப் பதிவு இங்கே 1867இல்தான் ஒழுங்காகத் தொடங்கியது. அதற்கு முந்தியவருக்குக் கோயில் ஏடுகள்தான் கதி. அதுவும் கிறிஸ்தவக் குடும்பமானால். ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் தவறாமல் பிரதி எடுங்கள். அவர்கள் தாய்வழி உறவாக இருக்க நல்ல வாய்ப்புண்டு.

விவாகச் சான்றிதழில் மணமகளின் தகப்பன் பெயரும் தொழிலும் வரும். தாய் பெயர் வராது. சைவக் குடும்பங்களில் தாலி கட்டியதோடு சரி, பதியாமலே விட்டவர்கள் ஏராளம். அப்படியானால் மூத்த பிள்ளை எந்த ஊரில் பிறந்தது என்று பாருங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால், பூட்டியின் ஊர் பிள்ளையின் 'பிறந்த இடம்' என்ற அந்த ஒரு கூட்டில் அகப்பட்டுவிடும்.

யாழ்ப்பாணத்து வேருள்ள குடும்பமானால், எங்கள் மதிப்பில் எல்லாவற்றிலும் பெரிய புதையல் சீதன உறுதிதான், அதாவது சீதனமாகக் காணி எழுதிக் கொடுத்த பத்திரம். அதில் அவர் யாருக்கோ மனைவியாக மட்டுமல்ல, உடைமைக்காரியாகவும் நிற்கிறார். கொடுத்த தாய் தகப்பன் பெயர், காணியின் பெயர், பரப்பும் குழியும் (18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர்), நாலு எல்லைக்காரர் பெயர் எல்லாம் இருக்கும். எல்லைக்காரரை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரே வளவைப் பிரித்துக் கொடுத்திருந்தால் வடக்கே ஒரு தங்கை, கிழக்கே ஒரு மாமி. கடைசிப் பக்கத்தில் கையெழுத்தா, பெருவிரல் அடையாளமா என்று பார்த்தால் அவருக்கு எழுதத் தெரியுமா என்பதும் ஓரளவு விளங்கும். பிறகு அவர் அந்தக் காணியை விற்றிருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி கணவனின் சம்மதம் வேண்டும் என்பதால் கணவன் பெயரும் சேர்ந்தே வரும். மூல உறுதி தொலைந்தாலும் பரவாயில்லை, உறுதி எழுதிய நொத்தாரிசு அனுப்பிய இணைப்பிரதி காணிப் பதிவகத்தில் இருக்க வேண்டும். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் வேண்டும். காணி இருக்கும் மாவட்டத்தில் கேளுங்கள். வெள்ளவத்தையில் வாழ்ந்தவரின் கோப்பாய்க் காணி கொழும்பில் அகப்படாது.

1972க்குப் பிறகும் இருந்தவரென்றால் அடையாள அட்டை இருக்கக்கூடும். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதில் 500 கூட்டியிருக்கும். 32562 என்று தொடங்கினால் 1932, 62ஆவது நாள். பெப்ரவரிக்கு எல்லா ஆண்டும் 29 நாள் என்று வைத்து எண்ண வேண்டும். ஆக மார்ச் 2.

அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்த கல்வெட்டு (இறந்தவரைப் பற்றிய பாடல் புத்தகம்), நினைவு மலர் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும். முதலில் பார்க்க வேண்டியது திதி வெண்பா. ஆண்டு, மாதம், பட்சம், திதி நான்கும் அதில் இருக்கும். பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் இறந்த திகதி கிடைக்கும். ஆண்டுப் பெயர் 60 வருடத்துக்கொருமுறை திரும்பும்: துன்முகி 1956இலும் வரும், 2016இலும் வரும். துன்முகி மாசி என்றால் 1957 என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில நாட்களில் ஒரு திதி முன்பின் காட்டும், இரண்டையும் பாருங்கள். மலர் இல்லாவிட்டால் வீரகேசரி (1930 முதல்), தினகரன் (1932 முதல்) மரண அறிவித்தல்களைக் கொழும்பு 7 தேசிய சுவடிக்கூடத்தில் புரட்டலாம். "காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் சகோதரியும்" என்ற ஒரு வரியில் பிறந்த வீட்டார் முழுப்பேரும் வந்துவிடுவார்கள்.

1931இலிருந்து பெண்களுக்கும் வாக்குரிமை உண்டு. தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) வீட்டு முகவரியோடு பெயர் இருக்கும். இந்திய வம்சாவளிக் குடும்பமாக இருந்து, 1949க்குப் பின் வந்த இடாப்பில் பெயர் இல்லாமல் போனால் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டாதீர்கள். பிரஜாவுரிமைச் சட்டங்களால் வாக்கிழந்தவராக இருக்கலாம். கணவர் பெயரிலான பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தேடுங்கள். மனைவி பிள்ளைகளையும் அதில் சேர்த்து எழுதியிருப்பார்கள்.