“குடை விரியாட்டி?”: முதல் ஸ்கைடைவுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஸ்கைடைவிங், அதாவது விமானத்திலிருந்து பரசூட்டோடு குதிப்பது, பழகப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: “குடை விரியாட்டி என்ன செய்வாய்?” துபாயில் பயிற்றுநரிடம் அதையே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முதுகுப்பையில் இரண்டு பரசூட் இருப்பதைக் காட்டினார். இரண்டாவதைச் சான்றிதழ் பெற்றவர்தான் மடிப்பார். நாம் மயங்கி வேகமாக விழுந்துகொண்டிருந்தாலும் குறித்த உயரத்தில் அதைத் தானாக விரிக்கும் கருவியும் உள்ளே உண்டு.

“விரிஞ்ச பிறகு எப்படி இறங்குறது எண்டதைத்தான் நீங்கள் கூடப் படிக்கவேணும்” என்றார்.

1. எது வேண்டும் என்று முடிவெடுங்கள்

ஒருமுறை அனுபவித்தால் போதுமென்றால் டேண்டம். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். சுமார் 13,000 அடியில், அதாவது பிதுருதலாகலையைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான உயரத்தில் குதித்து, ஒரு நிமிடமளவு விழுவீர்கள். தனியே குதிக்க ஆசையென்றால் ஏஎஃப்எஃப் (AFF) பயிற்சி: பயிற்றுநர்கள் கூடவே குதித்துப் பிடித்துவர, உங்கள் சொந்தப் பரசூட்டோடு பழகும் முறை. அமெரிக்க முறையில் முதல் உரிமம் பெறக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும்.

2. கொழும்பிலிருந்து கிளம்புமுன்

எடை வரம்பை முன்கூட்டியே கேளுங்கள். சளி, தடிமன் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், இறங்கும்போது காது அடைத்து வலிக்கும். ஹிக்கடுவையிலோ திருகோணமலையிலோ ஸ்கூபா செய்தவர்கள் 24 மணிநேரமாவது கழித்தே உயரே போக வேண்டும். சிங்கப்பூர் பக்கம் போகிறவர்கள் செந்தோசாவில், கீழிருந்து மேலே காற்று வீசும் காற்றுச் சுரங்கத்தில் முதலில் மிதந்து பார்க்கலாம்.

3. தரையில் வில்லாக வளையுங்கள்

பாயில் குப்புறப் படுத்து, இடுப்பை முன்தள்ளி, நெஞ்சு, நாடி, கால்களை உயர்த்துங்கள். இந்த வளைவுதான் உடலை வயிறு கீழாக நிலையாக வைக்கும். என் தம்பி மொட்டைமாடியில் பார்த்துவிட்டு “பல்லி மாதிரி” என்றான். பரவாயில்லை, தினமும் செய்யுங்கள். மூச்சுவிட மறக்காதீர்கள். மேலே பலருக்கு மறந்துபோவது அதுதான்.

4. கைச்சைகைகளும் கைபிடிகளும்

மணிக்கு 190 கிலோமீற்றர் வேகத்தில் பேச்சுக் கேட்காது. ஏஎஃப்எஃபில் இருபுறமும் பிடித்துவரும் பயிற்றுநர்கள் இரண்டு விரலை நீட்டினால் கால்களை நீட்டு என்று பொருள், கட்டைவிரல் கீழே என்றால் இன்னும் வளை. சுமார் 5,500 அடியில் பரசூட்டை விரிக்க வேண்டும். அது கோளாறாக விரிந்தால் என்ன செய்வதென்று 2,500 அடிக்கு முன் முடிவெடுத்தாக வேண்டும்: வலப்பக்கக் கைபிடி கெட்டதைக் கழற்றும், பிறகு இடப்பக்கத்தது இரண்டாவதை விரிக்கும். அம்மாவுக்கான விடை இதுதான். கைகள் தாமாகப் போகும்வரை பழகுங்கள்.

5. இறங்குதல்

காலிமுகத் திடலில் பட்டம் விட்டவர்களுக்குக் காற்றின் குணம் தெரியும். காற்றை எதிர்கொண்டே இறங்குங்கள். அப்போதுதான் தரைவேகம் குறையும். தரைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கையில் பரசூட்டைத் திருப்பப் பயன்படும் இரு கயிறுகளையும் ஒன்றாக முழுதாக இழுங்கள். ஒன்று முந்தினால் பக்கம் சரிவீர்கள். கால்கள் சேர்ந்து, முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். வேகம் கூடவென்று தோன்றினால் நிற்க முயலாமல் பக்கவாட்டில் உருளுங்கள். டேண்டமில் கால்களை முன்னே தூக்கினாலே போதும்.

காற்று பலமென்றால் “இண்டைக்கு இல்லை” என்பார்கள். வாதாடாதீர்கள். நான் முதல் நாள் முழுக்கத் தேநீர் குடித்தே கழித்தேன். திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளியே போடுங்கள்.