குவாண்டம் செய்தி எழுதும் தம்பிகளுக்கு

"ஒளியை மிஞ்சிய வேகத்தில் தகவல்!" எங்கள் மேசைக்குப் புதிதாக வந்த தம்பி போன வாரம் வைத்த தலைப்பு இது. 2017-இல் இதே தலைப்பை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். எழுத்துப்பிழை, பெயர்ப்பிழை எல்லாம் மெய்ப்பில் சிக்கிவிடும். இந்த மாதிரி அறிவியல் பிழை சிக்காது.

டெலிபோர்ட்டேஷன்

ஒரு துகளின் நிலையை வேறோர் இடத்தில் உள்ள துகளுக்கு மாற்றுவதுதான் டெலிபோர்ட்டேஷன். அதைச் செய்த சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் சோதனை பற்றிய ஏஜென்சிக் குறிப்பு இரவு பதினொன்றுக்கு வந்தது. "பூமியில் மறைந்து விண்ணில் தோன்றிய ஒளித்துகள்" என்று எழுதி, "ஒளியைவிட வேகம்" என்பதையும் சேர்த்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன். காலையில் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, கீழே அளந்ததுல என்ன விடை வந்துச்சுன்னு மேல இருக்கிற கருவிக்கு யார் சொன்னது?"

"அது... தானா தெரிஞ்சிடும் சார்."

"தெரியாதுப்பா. ரேடியோவுலயோ எதுலயோ சொல்லி ஆகணும்."

நடந்தது இதுதான். பின்னிப் பிணைந்த, அதாவது எவ்வளவு தள்ளி இருந்தாலும் அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ள, இரண்டு ஒளித்துகள்களில் ஒன்று, திபெத்தின் ஙாரியிலிருந்து தொலைநோக்கி வழியாக, சாதாரண ஒளி வேகத்தில் மேலே போனது. கீழே தங்கிய துணையையும், நிலையை அனுப்பவேண்டிய துகளையும் சேர்த்து அளந்தார்கள். நான்கு விடைகளில் ஏதோ ஒன்று வரும். எது வந்தது என்ற இரண்டு பிட் தகவல் வழக்கமான வழியில் போய்ச் சேரும்வரை, மேலே உள்ளது வெறும் இரைச்சல். இடம் மாறியது துகள் அல்ல, அதன் நிலை. 1993-இல் பென்னெட் குழு இந்த யோசனையை முன்வைத்த கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சாதாரணத் தகவல் வழி இருக்கிறது. தலைப்பைக்கூட நான் படிக்கவில்லை.

உண்மையான செய்தியையும் கோட்டைவிட்டேன். 500 முதல் 1,400 கி.மீ. வரை தொலைவு, கைகூடியது மொத்தம் 911 முறை, துல்லியம் சுமார் 80 சதவீதம். பின்னல் இல்லாமல் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட முடியாது, அதைத் தாண்டியதுதான் சாதனை. மறுநாள் உள்பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போட்டோம். என் பழைய தலைப்பு வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது.

"ஐன்ஸ்டைன் தோற்றார்"

தவிர்க்கவேண்டிய இன்னொரு தலைப்பு. 2022 இயற்பியல் நோபல் சமயத்தில் எங்கும் இதே பாட்டு. பரிசு பெற்ற ஆஸ்பே, கிளாஸர், ஸைலிங்கர் ஆகியோரின் பின்னல் சோதனைகளில் அடிபட்டது குவாண்டம் பற்றிய ஐன்ஸ்டைனின் எதிர்பார்ப்பு மட்டுமே. சார்பியல் கோட்பாடு நலமாக இருக்கிறது.

"ஆய்வகத்தில் வார்ம்ஹோல்"

வார்ம்ஹோல் என்றால் வெளியின் இரு இடங்களை இணைக்கும் குறுக்குச் சுரங்கம். இது 9 க்யூபிட்டில் (குவாண்டம் கணினியின் பிட்) ஓடிய கணக்கு. எங்கும் ஓட்டை விழவில்லை.

"பார்த்தாலே மாறும்"

துகளின் நிலையை மாற்றுவது பார்க்கும் கண் அல்ல, அளக்கும் கருவி.

"குவாண்டம் சிக்கல்"

துகள்கள் பின்னிப் பிணைவதற்கு (entanglement) இப்படி எழுதினால், வாசகர் ஏதோ பிரச்சினை என்று நினைப்பார். பின்னல் என்று எழுதுங்கள்.