போர்வை ஓரம் சரிந்தது ஏன்?

அக்கா மகனுக்கு யானை போட்ட குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வை. முதல் வரிசையில் 120 தையல். 21 வரிசை முடித்து விரித்தால், இரண்டு பக்கமும் உள்ளே சரிந்து மேலே குறுகி நிற்கிறது. கை இறுக்கம் என்று நினைத்து 4 மி.மீ. ஊசியை 5-க்கு மாற்றினேன். தையல்தான் தளர்ந்தது. நூலை மாற்றியும் பயனில்லை. மூன்று நாள் பிரித்துப் பிரித்துப் போட்டேன்.

அப்புறம்தான் எண்ணினேன்: 100. வரிசைக்கு ஒன்று குறைந்திருக்கிறது! வரிசை முடிந்து திரும்பும்போது போடும் 3 சங்கிலியும் (சங்கிலி போல் கோத்த வளையங்கள்) டபுள் குரோஷே என்ற உயரமான தையலில் ஒரு தையல் கணக்கு. அடுத்த வரிசையின் கடைசித் தையல் அதன் உச்சியில் விழ வேண்டும். அந்தச் சங்கிலி முறுக்கிக்கொண்டு வெறும் ஓரம் போலத் தெரிவதால் விட்டுவிட்டேன். இப்போது மூன்றாவது சங்கிலியில் சின்ன ஊக்கு மாட்டி, அங்கேயே குத்தி முடிக்கிறேன். 120 அப்படியே நிற்கிறது, நிம்மதி. குழந்தைப் போர்வை என்பதால் ஊக்கை மட்டும் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.