நிசான் ஒரு டன் வண்டிக்கு 407 டீசல் இன்ஜின்

ராணுவ ஏலத்தில் வந்த நிசானின் 3,956 சிசி பெட்ரோல் இன்ஜினை இறக்கி, டாடா 407-இன் 497 டீசல் இன்ஜினை (2,956 சிசி) ஏற்றுவதென்றால், ஸ்பேனரைத் தொடுமுன் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அது கட்டாயம்.

பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டால் பாதி வேலை, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்தான். நெல்லையில் நல்ல லேத் பட்டறையில் 20 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) தகட்டில் கடையச் சொல்லுங்கள். போல்ட்டை மட்டும் நம்பினால் சென்டர் விலகும். இரண்டு டவல் பின் (இடம் விலகாமல் பிடிக்கும் முளை) அவசியம். ஃபிளைவீலில் டயல் கேஜ் (முள் காட்டும் அளவுகருவி) மாட்டி, கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் துளையைச் சுற்றிப் பாருங்கள். முள் மொத்தமாக 0.20 மி.மீ.க்கு மேல் ஆடினால் கியர் கரகரக்கும், கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ் சீக்கிரமே போய்விடும். அந்தப் புஷ்ஷைத் தனியாகக் கடைய வேண்டும்.

இன்ஜினை உட்காரவைக்கும்போது முன் ஆக்சில் முழுக்க மேலேறினாலும் சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இடிக்கக் கூடாது. ஸ்பிரிங் அமுங்காமல் நிற்கும்போது பார்த்துவிட்டுத் திருப்திப்படுவது பலர் செய்யும் தப்பு.

டீசலில் மேனிஃபோல்ட் வேக்குவம் (காற்று உள்ளே போகும் குழாயின் உறிஞ்சு சக்தி) கிடைக்காது. அந்த வேக்குவத்தால் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டர் இருந்தால் வேக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் போடுங்கள்; இல்லையென்றால் பெடல் கல்லாகிவிடும். டேங்கைக் கழுவி, மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்ப ரிட்டர்ன் லைன் ஒன்றும் இழுக்க வேண்டும்.

497-க்கு 2,800 ஆர்.பி.எம். தான் எல்லை, அதனால் டாப் ஸ்பீடு குறையும். அதற்காக, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டீசல் பம்ப் கவர்னரின் சீலை உடைக்காதீர்கள். ரேடியேட்டர் போதுமா என்பது சித்திரை வெயிலில், பாரத்தோடு பாபநாசம் மலையேறினால் தெரிந்துவிடும்.